சிங்கப்பூரில் சொகுசு ஹோட்டல்: வாடகையையும் கவனிப்பையும் ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் போவது என்று முடிவானதும் வீட்டில் முதல் பேச்சு விமான டிக்கெட்டைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் பணம் அதிகம் கரைவது ஹோட்டலில்தான். ஒரு முறையாவது நல்ல ஹோட்டலில் தங்கிப் பார்க்கலாம் என்று மனசு வந்துவிட்டால், ஒரே இரவுக்கு ஒருவர் போய்வரும் டிக்கெட் பணம் ஆகிவிடும். நான் நான்கு முறை போயிருக்கிறேன்: ஒரு முறை அலுவலக வேலையாக, மூன்று முறை குடும்பத்தோடு. அதனால் சொந்தத்தில் யார் கிளம்பினாலும் ஹோட்டல் பார்க்கும் வேலை என்னிடம் வந்து சேரும். அப்படிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அங்குள்ள தமிழர்கள் சிங்கப்பூர் டாலரை வெள்ளி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கணக்கில் வரும் அறை வாடகை, சாப்பாட்டு விலை எல்லாம் உதாரணத்துக்குச் சொன்னவை. வரி விகிதங்கள் உண்மையானவை.

ஒரு ஹோட்டல் 500 வெள்ளி, இன்னொன்று 600 வெள்ளி. 500 வெள்ளிதானே மலிவு?

விலைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் பல இடங்களில் விலையை ஒட்டி இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். "பிளஸ் பிளஸ்" என்பது அதுதான். முதல் பிளஸ் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது ஜிஎஸ்டி, 9 சதவீதம். இந்த வரி வாடகைக்கு மட்டும் இல்லை, சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகைக்குப் போடப்படுகிறது. 500 வெள்ளி முதலில் 550 ஆகும், அதன்மேல் 9 சதவீதம் போட்டால் 599 வெள்ளி 50 காசு. மொத்த ஏற்றம் 19 சதவீதம் இல்லை, 19.9.

"நெட்" என்று எழுதியிருந்தால் எல்லாம் உள்ளடங்கிய விலை. அப்படியானால் 600 நெட்டும் 500 பிளஸ் பிளஸும் ஒன்றுதான். இனி அந்த 600-இல் இருவருக்குக் காலைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது, 500-இல் இல்லை என்று வையுங்கள். சாப்பாடு ஆளுக்கு 45 பிளஸ் பிளஸ் என்றால் இருவருக்கு ஏறக்குறைய 108 வெள்ளி. "மலிவான" அறை 707-க்குப் போய்விட்டது.

பழைய பயணக் குறிப்புகளில் ஜிஎஸ்டி 7 சதவீதம் என்று இருக்கும். 2023-இல் 8 ஆகி, 2024 ஜனவரி 1 முதல் 9 ஆகிவிட்டது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஓர் இரவு வாடகையை வைத்து ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு தாளில் ஹோட்டலுக்கு ஒரு வரி எழுதுகிறேன். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும், எல்லா இரவுகளுக்கும், வரியோடு, வேண்டிய சாப்பாட்டோடு மொத்தம் எவ்வளவு? ரத்து செய்தால் எதுவரை பணம் திரும்பும்? அந்த ஹோட்டலில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போவது எவை? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பறவைப் பூங்கா, செந்தோசா, இரவு விலங்குத் தோட்டம் என்று சுற்றிவிட்டு பதினோரு மணிக்குத் திரும்புகிற குடும்பத்துக்கு நீச்சல் குளமும் ஸ்பாவும் எதற்கு? தூங்குவதற்கும் குளிப்பதற்கும் மட்டும் 700 வெள்ளி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே நேரம், பேரப்பிள்ளைகளோடு வரும் தாத்தா பாட்டி மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வெடுப்பார்கள், பிள்ளைகள் குளத்தில் கிடப்பார்கள் என்றால் அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கும் பலன் இருக்கிறது. அதனால் ஹோட்டல் பெயரை யோசிக்கும் முன்பே, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஹோட்டலுக்குள் இருப்போம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எங்கள் விமானம் விடியற்காலையில் இறங்குகிறது. அது ஹோட்டல் தேர்வை மாற்றுமா?

மாற்றும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் மற்ற எதையும்விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

சென்னையில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக, காலை ஆறு, ஏழு மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் நிற்பீர்கள். பெரும்பாலான பெரிய ஹோட்டல்களில் செக்-இன் பிற்பகல் மூன்று மணி. நடுவில் எட்டு மணி நேரம். தூக்கமில்லை, குளிக்கவில்லை, கையில் குழந்தை.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. முதன்முதலில் அவரை அழைத்துப்போனபோது இதை நான் யோசிக்கவே இல்லை. நல்ல பெயருள்ள ஹோட்டல்தான். ஏழரை மணிக்குப் போய் நின்றோம். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். அம்மா லாபி சோஃபாவிலேயே புடவை கசங்க உட்கார்ந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு நான் மறுபடி போய்க் கேட்டபோதும் அதே பதில். வாடகையில் அந்த முதல் நாளுக்கும் முழுப் பணம் கொடுத்திருந்தோம். அம்மாவுக்கு அந்த நாள் சோஃபாவில் போனது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

இப்போது மூன்று வழிகளை எடைபோடுகிறேன். ஒன்று, முந்தின இரவுக்கும் சேர்த்தே பதிவு செய்வது. செலவு அதிகம், ஆனால் காலை ஏழு மணிக்கு அறை உறுதி. இதைச் செய்தால், நாங்கள் மறுநாள் காலையில்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதிவிட வேண்டும்; இல்லாவிட்டால் வரவில்லை என்று குறித்துப் பதிவையே ரத்து செய்துவிடக்கூடும். இரண்டு, முன்கூட்டிய செக்-இன்னுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்பது; பல இடங்களில் இது பாதி வாடகை அளவில் முடியும். மூன்று, குளிக்கவும் உடை மாற்றவும் ஹோட்டலில் தனி இடம் இருக்கிறதா என்று கேட்பது. சில ஹோட்டல்களில் குளத்தை ஒட்டிய குளியலறையை அன்போடு திறந்துவிடுவார்கள். இளவயதுக்காரர்களுக்கு அது போதும். குளித்துவிட்டு ஊர் சுற்றப் போகலாம். பெரியவர்கள் உடன் வந்தால் முதல் வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. கொஞ்சம் குறைந்த வாடகை ஹோட்டலை எடுத்து, மிச்சமாகும் பணத்தை அந்தக் கூடுதல் இரவுக்குப் போடுங்கள்.

மரினா பே சேண்ட்ஸ், ராஃபிள்ஸ், ஃபுல்லர்ட்டன், ஷாங்ரி-லா. எல்லாமே பேர்போனவை. எதை எடுப்பது?

நான்கும் நான்கு விதம். விலையை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

மரினா பே சேண்ட்ஸ் 2010-இல் திறந்தது. மூன்று கோபுரங்கள், அவற்றின் தலைமேல் கப்பல் போல ஒரு தளம், அங்கே 57-வது மாடியில் நீச்சல் குளம். அந்தக் குளத்துக்குள் விருந்தினர்கள் மட்டும்தான் போகலாம். பார்வையாளர் டிக்கெட் வாங்கினால் காட்சித் தளம் வரைதான். ஆக, அங்கே தங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குளத்துக்கானது. குளத்தில் இறங்காத ஆள் அங்கே தங்குவது வீண் என்று நினைக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட இடம் அது. மூன்று மணிக்கு ரிசப்ஷனில் வரிசை நிற்பதையும், ஊழியர்கள் உங்கள் பெயரை நினைவில் வைத்திருக்க முடியாது என்பதையும் எதிர்பார்த்துப் போக வேண்டும். ஒரு பக்க அறைகள் நகரத்தைப் பார்க்கும், மறு பக்க அறைகள் கார்டன்ஸ் பை த பே தோட்டத்தைப் பார்க்கும்.

ராஃபிள்ஸ் அதற்கு நேர் எதிர். 1887-இல் சார்க்கீஸ் சகோதரர்கள் பத்து அறை பங்களாவில் தொடங்கியது. பெரிய புதுப்பிப்புக்குப் பின் 2019-இல் மறுபடி திறந்தார்கள். இப்போது மொத்தமே 115 சூட்டுகள், சாதாரண அறை என்பதே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் பட்லர் உண்டு. வாடகையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். இங்கே நீங்கள் வாங்குவது ஆள் பலத்தை: கேட்பதற்கு முன்பே கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி. திருமண நாள் போல ஏதாவது ஒன்றுக்கு ஓர் இரவு தங்க நினைப்பவர்களுக்கு என் முதல் வாக்கு இதற்குத்தான்.

ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928-இல் கட்டப்பட்டது. தலைமை அஞ்சலகம் அங்கே இருந்தது; 2001-இல் ஹோட்டலானது, 2015-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆற்றங்கரையில் நல்ல இடம். பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்முற்றத்தைப் பார்க்கும் அறைகளும் அங்கே உண்டு. ஒப்பீட்டுத் தளங்களில் ஒரு ஹோட்டலின் ஆகக் குறைந்த அறை விலைதான் முதலில் தெரியும். அந்த விலைக்குப் பதிவு செய்துவிட்டு ஜன்னலைத் திறந்து ஆற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். ரிட்ஸ்-கார்ல்ட்டனிலும் இதே கதை. குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் எண்கோண ஜன்னல் வைத்த அறைகளுக்கு அது பெயர்போனது. ஆனால் அறைகள் மரினா பக்கம், காலாங் பக்கம் என்று இரண்டு வகை, இரண்டு விலை. ஹோட்டல் பெயரோடு அறை வகையின் பெயரையும் எழுதி ஒப்பிடுங்கள்.

ஆரஞ்சு குரோவ் சாலையில் உள்ள ஷாங்ரி-லா 1971-இல் தொடங்கியது. அந்தக் குழுமத்தின் முதல் ஹோட்டலே அதுதான். டவர், கார்டன், வேலி என்று மூன்று பகுதிகள். மூன்றுக்கும் வாடகையும் கவனிப்பும் வேறு வேறு, வேலி விங்குக்குத் தனி வாசலே உண்டு. சுற்றிலும் தோட்டம், பிள்ளைகளுக்கு விளையாட இடம். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்த நான்கில் இதையே சொல்வேன்.

கவனிப்பு எப்படி இருக்கும் என்று போகாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு நன்றாகவே முடியும். பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நல்ல அறை கொடுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், உங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லி மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் எழுதுவது இந்த மாதிரி: "நாங்கள் இந்தத் தேதியில் காலை ஏழரைக்கு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரப் படி ஏற முடியாது. அறை எப்போது கிடைக்கும்? இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு வேண்டும், அதை எழுத்தில் உறுதி செய்ய முடியுமா? காலையில் முட்டை கலக்காத சைவச் சாப்பாடு என்னென்ன இருக்கும்?"

வரும் பதிலைப் படியுங்கள். மூன்றுக்கும் தனித்தனியே பதில் இருக்கிறதா? எழுதியவர் தன் பெயரைப் போட்டிருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் "அன்றைய நிலவரத்தைப் பொறுத்து" என்ற ஒரே வரிதானா? இரண்டு நாளாகியும் பதிலே இல்லையா? ஒரே மின்னஞ்சலை நான்கு ஹோட்டல்களுக்கு அனுப்பிப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டாம் முறை போவதற்கு முன் அப்படி எழுதியபோது ஒரு ஹோட்டலிலிருந்து இப்படிப் பதில் வந்தது: அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் தொட்டிக்குள் காலெடுத்து வைத்துக் குளிக்கும் அறை சிரமம், தரையோடு இருக்கும் ஷவர் உள்ள அறையாக ஒதுக்கி வைக்கிறோம், அது லிஃப்டுக்கும் பக்கம். நான் கேட்காததை அவர்களே யோசித்திருந்தார்கள். நான் பார்த்த ஹோட்டல்களில் விலையில் மூன்றாவதாக நின்றது அது. அதையே எடுத்தோம். போய் இறங்கியபோது அந்த மின்னஞ்சலின் நகல் ரிசப்ஷனில் இருந்தது, அறையும் காத்திருந்தது. அம்மா இன்றும் அந்த ஊழியரைப் பற்றிப் பேசுவார்.

மின்னஞ்சல் எழுத நேரமில்லை என்றால் போன் செய்யுங்கள். ஆனால் கிடைத்த வாக்குறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஷிஃப்டில் வருபவருக்குக் காலையில் சொன்னது தெரியாமல் போகலாம்.

நட்சத்திரங்களையும் விமர்சனங்களையும் நம்பலாமா?

ஐந்து நட்சத்திரம் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது. இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹோட்டல்களை வகைப்படுத்துகிறது. வெளிநாட்டுப் பதிவுத் தளங்களில் நீங்கள் பார்க்கும் நட்சத்திரம் பல நேரம் அந்தத் தளமோ ஹோட்டலோ சொல்வது. இவை தவிர ஃபோர்ப்ஸ் டிராவல் கைடு ஆள் அனுப்பி ரகசியமாகச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. மிஷ்லின் 2024 முதல் ஹோட்டல்களுக்குச் சாவிச் சின்னம் தருகிறது. இவை கொஞ்சம் கனமுள்ளவை, ஆனாலும் உங்கள் அம்மாவின் முழங்கால் அவர்கள் பட்டியலில் இருக்காது.

விமர்சனங்களில் சராசரி மதிப்பெண்ணை நான் பார்ப்பதில்லை. கடைசி ஆறு மாதத்தில் வந்தவற்றை மட்டும் எடுத்து, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பேன். ஐந்து கொடுத்தவர் மகிழ்ச்சியில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் நல்லதையும் கெட்டதையும் நிதானமாகச் சொல்வார். தேடல் பெட்டியில் "குழந்தை", "சக்கர நாற்காலி", "சைவம்" என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். குறை சொன்னவருக்கு ஹோட்டல் எப்படிப் பதில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தால் நேரில் போனாலும் அதே வாசகம்தான் கேட்கக் கிடைக்கும்.

ஹோட்டலின் சொந்தத் தளத்தில் பதிவு செய்வதா, பொதுவான பதிவுத் தளத்திலா?

விலையைத் தேடுவதற்குப் பொதுத் தளம் நல்லது. பணம் கட்டுவதற்கு ஹோட்டலின் சொந்தத் தளத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். பெரிய குழுமங்களின் உறுப்பினர் திட்டத்தில் இலவசமாகச் சேரலாம். உறுப்பினர் விலை பல நேரம் பொதுத் தள விலைக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்கும். மாரியட் போன்ற குழுமங்களில் வேறு தளம் வழியாக வந்த பதிவுக்குப் புள்ளிகள் சேராது. தேதி மாற்ற வேண்டும், அறை வகை மாற்ற வேண்டும் என்றால் நேராக ஹோட்டலோடு பேசலாம். நடுவில் இன்னொருவர் இருந்தால், "நீங்கள் பதிவு செய்த இடத்தில் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

பணம் திரும்பாத விலை கண்ணை இழுக்கும். விசா கைக்கு வராதவரை அதைத் தொடவே வேண்டாம். ரத்து செய்யக்கூடிய விலையில் முதலில் பதிவு செய்துவிட்டு, கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு அதே அறையின் விலையை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.

எந்த மாதத்தில் விலை ஏறும்?

செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வார இறுதியை முதலில் தவிருங்கள். 2008-இல் தொடங்கியது, மரினா பே பகுதியின் சாலைகள்தான் ஓடுபாதை. சுற்றியுள்ள ஹோட்டல்களில் வாடகை தாறுமாறாக ஏறும், சாலைகள் மூடியிருக்கும், டாக்ஸி சுற்றிச் சுற்றிப் போகும். 2024, 2026 மாதிரியான இரட்டைப்படை ஆண்டுகளில் பிப்ரவரியில் விமானக் கண்காட்சி வரும், அந்த நாட்களைத் தவிருங்கள். டிசம்பர் கடைசி வாரம், சீனப் புத்தாண்டு இரண்டும் ஏறுமுகம்தான். செந்தோசா தீவு ஹோட்டல்களில் வெள்ளி, சனி இரவுகள் கூடுதல், ஏனென்றால் உள்ளூர்க்காரர்களே வார இறுதிக்கு அங்கே வந்து தங்குவார்கள். ஞாயிறு இரவு முதல் வியாழன் வரை எடுத்தால் நல்லது.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் போக முடிந்தால் போங்கள். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம் இருக்கும், பார்க்கக் கண் கோடி வேண்டும்.

காலைச் சாப்பாட்டை வாடகையோடு சேர்த்து வாங்கலாமா? நாங்கள் சைவம்.

ஹோட்டல் எங்கே இருக்கிறது, உடன் வருவது யார் என்பதைப் பொறுத்தது. பெரிய ஹோட்டல்களின் பஃபேயில் இந்திய உணவுக்கு ஒரு மூலை இருப்பது வழக்கம்தான், ஆனால் அன்றன்றைக்கு மாறும். சைவர்கள் பழம், ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கோடு 54 வெள்ளியைச் செரிக்க வேண்டியிருக்கும்.

லிட்டில் இந்தியாவிலிருந்து மரினா பே சேண்ட்ஸ் அடியில் இருக்கும் பேஃபிரண்ட் நிலையம் வரை டவுன்டவுன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) தடத்தில் நான்கே நிறுத்தம். காலையில் ரயிலேறி சிராங்கூன் சாலைக்குப் போனால் கோமள விலாஸ், ஆனந்த பவன் என்று பல பத்தாண்டுகளாக நடக்கும் சைவக் கடைகள் இருக்கின்றன. ஆனந்த பவன் 1924-இலிருந்து இருக்கிறது. தோசையும் காப்பியும் வயிற்றுக்கும் பைக்கும் இதம். பசியாறிவிட்டு வீரமாகாளியம்மன் கோவிலுக்கும் போய் வந்துவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஹோட்டலில், இரண்டு நாள் லிட்டில் இந்தியாவில் என்று வைத்துக்கொண்டோம். சிறு குழந்தையோ, நடக்க முடியாத பெரியவரோ இருந்தால் வாதமே வேண்டாம், ஹோட்டலிலேயே சாப்பிடுங்கள்.

கிளப் லவுஞ்சு வசதிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பிரயோஜனமா?

கூடுதல் பணம் கட்டியவர்களுக்குக் காலைச் சாப்பாடும் மாலைச் சிற்றுண்டியும் தரும் தனிக் கூடம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவுக்கு 150 பிளஸ் பிளஸ் கூடுதல் என்றால் 179 வெள்ளி 85 காசு. அதில் இருவர் காலைச் சாப்பாடு 108 போக, மிச்சம் சுமார் 72 வெள்ளிக்கு மாலைச் சிற்றுண்டியும் மதுபானமும் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் மதுவுக்கு வரி அதிகம், வெளியே குடித்தால் சில கோப்பைகளிலேயே அந்தப் பணம் போய்விடும். ஆகவே அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு லாபம். பழக்கம் இல்லாத, மாலை முழுக்க வெளியே சுற்றுகிற குடும்பத்துக்கு 72 வெள்ளிக்குத் தேநீரும் நாலு கடலையும்தான். சில லவுஞ்சுகளில் மாலையில் சிறுவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதையும் கேளுங்கள்.

நாங்கள் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஒரே அறையில் சமாளிக்கலாமா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் என்பது பல அறைகளின் உச்சவரம்பு. ஆளை மறைத்துப் பதிவு செய்வது வேண்டாம். ரிசப்ஷனில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், அங்கே நின்று சங்கடப்பட வேண்டியிருக்கும். இரண்டு அறை எடுக்கும்போது "பக்கத்துப் பக்கத்து அறை" வேறு, "நடுவே கதவு உள்ள அறை" வேறு. பிள்ளைகள் ஒரு அறையில் தூங்கப்போகிறார்கள் என்றால் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் கட்டணமில்லை என்று சில இடம், ஆறு வயது வரைதான் என்று சில இடம். கூடுதல் கட்டிலுக்கும் பிளஸ் பிளஸ் உண்டு.

கார்டில் முன்பணம் பிடிப்பார்களாமே?

ஆமாம். செக்-இன்னின்போது, அறைக்குள் ஆகக்கூடிய செலவுக்கென்று ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் முடங்கி, ஊருக்கு வந்து பல நாள் கழித்துத்தான் விடுபடும்.

பில் கட்டும்போது இயந்திரம் "ரூபாயிலா, வெள்ளியிலா?" என்று கேட்கும். வெள்ளி என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நமக்கு நஷ்டம். நம் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 1,800 வெள்ளி பில்லுக்கு அது 74 வெள்ளி. கட்டணம் குறைந்த கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துப் போங்கள்.

டிப்ஸ்?

கட்டாயமில்லை. 10 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருக்கிறது. மனம் நிறைந்த கவனிப்பு கிடைத்தால், அந்த ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு மேலாளருக்கு நாலு வரி எழுதுங்கள். அம்மாவுக்கு அறை ஒதுக்கி வைத்தவருக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அடுத்த முறை போனபோது அதை அவரே நினைவுபடுத்திச் சொன்னார்.

முழுப் பயணத்துக்கும் இவ்வளவு பணம் கட்டுப்படியாகாது. ஆனாலும் ஆசை இருக்கிறது.

பிரித்துவிடுங்கள். மூன்று இரவு லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் சுத்தமான நடுத்தர ஹோட்டலில் தங்கி ஊரைச் சுற்றுங்கள். கடைசி ஒரு நாளை எந்தச் சுற்றலும் இல்லாமல் காலியாக வைத்து, ஆசைப்பட்ட ஹோட்டலுக்கு மாறுங்கள். காலையில் பெட்டிகளை அங்கே ஒப்படைத்துவிட்டு, குளத்தை எப்போதிலிருந்து பயன்படுத்தலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானம் இரவில் என்றால், மறுநாள் செக்-அவுட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று முதல் நாளே பேசிவைப்பது நல்லது.

அதுவும் வேண்டாம் என்றால் தங்காமலும் பார்க்கலாம். ராஃபிள்ஸின் டிஃபின் ரூமில் வட இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது, லாங் பாரில் வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சேண்ட்ஸ் காட்சித் தளத்துக்கு டிக்கெட் வாங்கி, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பு ஏறிவிடுங்கள். வெளிச்சத்தில் கப்பல்கள் தெரியும், இறங்குவதற்குள் நகரத்தின் விளக்குகளும் எரியத் தொடங்கிவிடும்.